டிபியா மேல்தள முறிவும் சிலுவைத் தசைநார்ப் பெயர்ப்பும்: நுண்துளை வழிக்கும் திறந்த வழிக்கும் இடையே ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 44 வயது ஆண். மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்றுப் பாசனத்தில் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். அறுவடை ஓய்ந்த நாட்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கவும் போவதுண்டு. அங்கே ஒரு மூட்டை 40 கிலோ. பம்புசெட் இல்லாத நிலம் என்பதால் அவருடைய குறுவை மேட்டூர் அணைத் திறப்பை நம்பியே இருக்கிறது. வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12 இந்தச் சிகிச்சை முழுவதும் ஒரு கெடுவைப் போல எல்லோர் மனத்திலும் நின்றது. ஆகவே அதை இங்கேயே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

தை மாதக் கடைசியில், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, சாலையில் காயப்போட்டிருந்த நெல்லின் மேலும் வைக்கோலின் மேலும் ஏறி அவருடைய இருசக்கர வண்டி சறுக்கியது. வண்டி சாய்ந்தபோது வலக்காலை அகல ஊன்றியிருக்கிறார். பாதம் நிலைத்து நிற்க, உடலின் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்து முழங்காலை உள்நோக்கி வளைத்தன. இப்படி வளையும்போது தொடை எலும்பின் வெளிப்புறக் குமிழ், கணைக்காலின் பெரிய எலும்பான டிபியாவின் வெளிப்புறத் தளத்தை மேலிருந்து இடிக்கிறது. அதே நொடியில் மூட்டின் உட்புறத் தசைநார் இழுபட்டுக் கிழிகிறது. வெளியே எலும்பும் உள்ளே தசைநாரும் ஒரே விசையில் அடிபடுவதால், இத்தகைய முறிவை எலும்பு முறிவாக மட்டும் எண்ணிச் சிகிச்சை அளிக்கக் கூடாது.

அன்று இரவே உறவினர்கள் அவரை அடுத்த ஊரில் இருந்த கட்டு வைத்தியரிடம் கொண்டுசென்றனர். எண்ணெய்த் துணியும் மூங்கில் பத்தையும் வைத்து, தொடையின் நடுவிலிருந்து கணுக்கால் வரை இறுக்கக் கட்டப்பட்டது. மறுநாள் பகலில் வலி கூடி, விரல்கள் மரத்துப்போனதும் கட்டு வைத்தியரே, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். 108 ஆம்புலன்ஸ் மூலம் அவர் தஞ்சாவூரில் எங்கள் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது விபத்து நடந்து ஏறத்தாழ முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் மாநில அரசின் திட்டத்தில் அவர் சேர்க்கப்பட்டார். அதன் பின்னான செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வந்தது.

வந்தபோது கண்டவை

கட்டை முழுவதும் வெட்டி அகற்றியதுதான் முதல் சிகிச்சை. அகற்றிய அரை மணியில் விரல்களின் மரமரப்பு தணிந்தது. முழங்கால் வீங்கி இறுகியிருந்தது. கணைக்காலின் வெளிப்புற மேல்பகுதியில் தெளிநீர்க் கொப்புளங்களும் அவற்றின் நடுவே இரத்தம் கோத்த இரண்டு கொப்புளங்களும் இருந்தன. அறுவைக்கான வெட்டு வழக்கமாக விழும் இடமும் அதுவே.

முழங்கால் முறிவோடு தசைநாரும் அடிபட்டால் முதலில் பார்க்க வேண்டியது முழங்காலின் பின்புறம் ஓடும் தமனியை. பாதத்தில் இரு நாடிகளும் தெளிவாகத் தட்டின. கணுக்கால் இரத்த அழுத்தத்துக்கும் கையின் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் 1.0 இருந்தது, அது 0.9-க்குக் கீழே போயிருந்தால் தமனியைப் படமெடுத்தே ஆக வேண்டும். கட்டைவிரலையும் பாதத்தையும் மேலே தூக்க முடிந்ததால், கணைக்காலின் சிறிய எலும்பின் கழுத்தைச் சுற்றி ஓடும் நரம்பு பிழைத்திருக்கிறது என்று தெரிந்தது. தசையறை அழுத்தம், அதாவது தசைகளைச் சுற்றிய இறுகிய உறைக்குள் வீக்கம் கூடி இரத்த ஓட்டத்தை நெரிக்கும் அழுத்தம், கூடிவிட்டதா என்பதே அந்த இரவின் பெரிய கவலை. விரல்களை நீட்டி மடக்கும்போது தாங்க முடியாத வலி இல்லை, கெண்டைக்கால் கல்லாக இறுகவில்லை. ஆயினும் மணிக்கொரு முறை பார்த்துக் குறித்து வைக்கச் செவிலியர்களுக்குச் சொல்லப்பட்டது. அன்று அந்த அட்டவணையை விடாமல் நிரப்பிய செவிலியருக்கு இந்தக் காலில் உரிய பங்கு உண்டு.

எக்ஸ்-ரேயில் வெளிப்புறத் தளம் பிளந்து அமிழ்ந்திருந்தது. சி.டி. ஸ்கேனில் அமிழ்வு 9 மி.மீ., பிளவின் அகலம் 6 மி.மீ.; அமிழ்ந்த பகுதி தளத்தின் நடுவில் தொடங்கிப் பின்வெளி மூலை நோக்கிச் சென்றது. டொரான்டோவில் பணியாற்றிய ஷாட்ஸ்கர் 1979-இல் வெளியிட்ட ஆறு வகைப் பிரிப்பில் இது இரண்டாம் வகை: வெளிப்புறத் தளத்தில் பிளவும் அமிழ்வும் சேர்ந்தது. அந்தப் பிரிப்பு நேர் எக்ஸ்-ரேயை அடிப்படையாகக் கொண்டது. அமிழ்வு எவ்வளவு பின்னே போகிறது என்பதை அது சொல்லாது. சி.டி.யின் குறுக்கு வெட்டில் தளத்தை உள், வெளி, பின் என்று மூன்று தூண்களாகப் பார்க்கும் முறையை 2010-இல் ஷாங்காய் மருத்துவர்கள் முன்வைத்த பிறகு, பின்மூலையைத் தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இவருக்கு அந்தப் பார்வைதான் பின்னர் முடிவை மாற்றியது.

அதே சி.டி.யில், மூட்டின் நடுவில், டிபியா முன்னே நழுவாமல் பிடிக்கும் முன்சிலுவைத் தசைநார் ஒட்டியிருக்கும் எலும்பு முகடு, ஒரு புளியங்கொட்டை அளவில், முழுவதும் பெயர்ந்து மேலே நின்றது. 1959-இல் மேயர்ஸும் மெக்கீவரும் வகுத்த முறையில் இது மூன்றாம் வகை. தசைநார் அறுபடாமல் அது பற்றியிருந்த எலும்பே பெயர்ந்துவிட்டதால், எலும்பைத் திரும்ப உட்காரவைத்தால் தசைநாரும் வேலை செய்யும். புதிய தசைநார் வைக்கத் தேவையில்லை. நோயாளிக்கு நேர்ந்தவற்றுள் நல்லது என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

எம்.ஆர்.ஐ. எடுப்பதா என்பதில் குழுவுக்குள் இரு கருத்து இருந்தது. திறந்துதான் பார்க்கப்போகிறோம் என்றால் படம் எதற்கு என்பது ஒரு பக்கம். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், டிபியா மேல்தளம் முறிந்த 103 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்தபோது, மென்திசு எதுவும் அடிபடாதவர் ஒருவர் மட்டுமே. வெளிப்புற மெனிஸ்கஸ் எனும் பிறைக் குருத்தெலும்பில் கோளாறு 91 விழுக்காட்டினருக்கும், தசைநார்களில் ஒன்றேனும் முழுதும் கிழிந்தோ பெயர்ந்தோ போனது 77 விழுக்காட்டினருக்கும் இருந்தது. எந்தத் தசைநாரைத் திறந்து தைக்க வேண்டும், எதைத் தானே ஆற விடலாம் என்பதை அறுவை மேசைக்குப் போகும் முன்பே அறிவதற்காக எம்.ஆர்.ஐ. எடுத்தோம். உட்பக்கத் தசைநார் தொடை எலும்பை ஒட்டிய முனையில் கிழிந்திருந்தது. வெளிப்புற மெனிஸ்கஸ் விளிம்பில் கழன்று அதன் முன்கொம்பு பிளவுக்குள் மடிந்து சிக்கியிருந்தது. பின்சிலுவைத் தசைநார் சரியாக இருந்தது.

இரத்தச் சர்க்கரை 246. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8.4. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். தோலில் கொப்புளமும் இரத்தத்தில் சர்க்கரையும் சேர்ந்த கால் இது என்பதை வெட்டின் அளவு பற்றிப் பேசியபோதெல்லாம் மறக்க முடியவில்லை.

காத்திருந்த நாட்கள்

உடனே அறுவை செய்யும்படி குடும்பத்தினர் வற்புறுத்தினர். வீங்கிய தோலின் மேல் வெட்டினால் காயம் மூடாது. மூடாத காயத்தின் அடியில் உலோகத் தகடு இருந்தால் நோய்த்தொற்று எலும்புக்கே போய்விடும். கால் குறுகவில்லை, மூட்டு இடம்பெயரவில்லை என்பதால், தோலுக்கு வெளியிலிருந்து கம்பிகளால் எலும்பைப் பிடிக்கும் வெளிச்சட்டம் போடத் தேவைப்படவில்லை. பின்புற மாவுக்கட்டு, காலை உயர்த்தி வைக்கும் சட்டம், பனிக்கட்டி ஒத்தடம், ஆழ்நாளங்களில் இரத்தம் உறையாமல் இருக்க ஊசி, சர்க்கரைக்கு இன்சுலின் ஆகியவற்றோடு ஒன்பது நாட்கள் கழிந்தன. தெளிநீர்க் கொப்புளங்கள் வற்றிப் புதுத்தோல் வந்தது. இரத்தக் கொப்புளம் இருந்த ஓரிடம் மட்டும் கருத்தே கிடந்தது. தோலை விரலால் ஒதுக்கினால் சுருக்கம் விழுகிறதா என்று தினமும் பார்த்து, அது விழுந்த மறுநாள் அறுவைக்கு நாள் குறித்தோம்.

எந்த வழி: முடிவும் காரணமும்

மூன்று வழிகள் முன்னே இருந்தன.

முதலாவது, முழுவதும் நுண்துளை வழி. சிறு துளை வழியே செலுத்தும் குழாய்க் கேமராவான ஆர்த்ரோஸ்கோப்பை உள்ளே விட்டு மூட்டைப் பார்த்தபடி, கீழே எலும்பில் சிறு சன்னல் திறந்து அமிழ்ந்த தளத்தை அடியிலிருந்து மேலே தட்டி உயர்த்தி, தோலைத் துளைத்துச் செலுத்தும் திருகுகளால் பிடிப்பது. வெட்டு சிறியது, தோலுக்குத் தொல்லை குறைவு, மெனிஸ்கஸும் சிலுவைத் தசைநாரும் நேரே தெரியும். பிளவு மட்டும் அல்லது நடுத்தளத்தில் அமிழ்வு மட்டும் உள்ள எளிய முறிவுகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ஆர்த்ரோஸ்கோப்புக்காக மூட்டுக்குள் செலுத்தும் நீர், கிழிந்த மூட்டுறை வழியாகவும் முறிவுக் கோடு வழியாகவும் கெண்டைக்கால் தசையறைக்குள் இறங்கக்கூடும். ஏறத்தாழ ஒரு நாள் இறுகக் கட்டியிருந்த காலில் அந்த அபாயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, முழுவதும் திறந்த வழி. முன்வெளிப் பக்கம் வெட்டி, மெனிஸ்கஸுக்கு அடியில் மூட்டுறையைத் திறந்து அதைத் தூக்கிப் பிடித்தால் தளம் கண்ணுக்கு நேராகத் தெரியும். உயர்த்துவதும் எலும்பு நிரப்புவதும் தகடு வைப்பதும் உறுதியாக நடக்கும். ஆனால் நடுவில் பெயர்ந்து நின்ற எலும்பு முகட்டை அந்த வெட்டிலிருந்து எட்ட முடியாது. அதற்கு முட்டிச்சில்லின் உட்பக்கமாக இன்னொரு பெரிய வெட்டு வேண்டும். சர்க்கரையும் கொப்புளமும் உள்ள காலில் இரண்டு நீண்ட வெட்டுகளும் அவற்றின் நடுவே ஒரு தோல் பட்டையும் என்பது அழைத்து வைக்கும் தொல்லை.

மூன்றாவது, ஒவ்வொரு காயத்துக்கும் அதற்குரிய வழி. தளத்துக்குத் திறந்த வெட்டு, முகட்டுக்கு நுண்துளை, உட்பக்கத் தசைநாருக்கு வெட்டே இல்லை.

எங்கள் குழு மூன்றாவது வழியைத் தேர்ந்தது. வெட்டு சிறியதா பெரியதா என்று முதலில் கேட்பது இந்த மூட்டில் பயன்படாது. இந்தக் குறிப்பிட்ட துண்டைச் சரியான இடத்தில் வைக்க எதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும், அதைப் பார்க்க எந்த வழி போதும் என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். அமிழ்வு நடுவில் மட்டும் இருந்திருந்தால் ஆர்த்ரோஸ்கோப்பே போதும். அது பின்வெளி மூலைக்குப் போனதாலும் அதன் மேல் மெனிஸ்கஸ் மடிந்து கிடந்ததாலும், ஆர்த்ரோஸ்கோப்பின் கண்ணுக்கு அந்த மூலை பாதிதான் தெரியும் என்று கணித்தோம். பாதி தெரிவதை வைத்துக்கொண்டு, அறுவையின்போதே எக்ஸ்-ரே காட்டும் சி-ஆர்ம் கருவியின் படத்தை நம்பி உயர்த்தினால், பின்புறம் 3 மி.மீ. பள்ளம் இருந்தாலும் படத்தில் அழகாகவே தெரியும்.

நுண்துளை என்றாலே நவீனம், திறந்த வெட்டு என்றால் பழைய முறை என்ற எண்ணம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, இளம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. எளிய வகை முறிவுகளில் இரு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஓராண்டுக்குப் பிந்தைய மூட்டுச் செயல்பாட்டில் பெரிய வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆர்த்ரோஸ்கோப்பின் உண்மையான ஆதாயம், உள்ளே மறைந்திருக்கும் மெனிஸ்கஸ், தசைநார்க் காயங்களைத் தவறவிடாமல் கண்டு அதே அமர்வில் சரிசெய்வதில் இருக்கிறது. இரு பக்கமும் நொறுங்கிய கடுமையான முறிவுகளில் கனடாவில் பல மையங்கள் சேர்ந்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதே பாடத்தையே தருகிறது. 83 முறிவுகளை எடுத்துக்கொண்ட அந்த ஆய்வில், திறந்து தகடு வைத்தவர்களுக்கும் சிறு வெட்டும் வட்ட வெளிச்சட்டமும் வைத்தவர்களுக்கும் மூட்டின் பயன் இறுதியில் ஒத்தே இருந்தது. வெளிச்சட்டத்தில் இரத்த இழப்பும் கடும் சிக்கல்களும் குறைவு. சிறு வழியால் காப்பாற்றப்படுவது பெரும்பாலும் தோலும் தசையும்தான். ஆகவே தோல் நன்றாக இருக்கும் காலில் சிறு வெட்டுக்காகத் தளத்தின் ஒழுங்கை விட்டுக்கொடுப்பதையும், தோல் கெட்ட காலில் தளத்தின் ஒழுங்குக்காகத் தோலைப் பணயம் வைப்பதையும் ஒரே அளவு கவனத்தோடு எடைபோட வேண்டும்.

குடும்பத்தினருடன் பேசியவை

நோயாளியின் மைத்துனர் தன் நண்பர் ஒருவருக்கு முழங்காலில் துளை போட்டே ஜவ்வு சரிசெய்ததையும், அவர் மறுநாளே நடந்ததையும் சொன்னார். "அதே மாதிரி மாமாவுக்கும் செஞ்சிடுங்க சார், எத்தனை ஆனாலும் பரவாயில்ல" என்றார். அந்த நண்பருக்கு எலும்பு முறிவு இல்லை என்பதையும், இவருடைய தளம் அமிழ்ந்திருப்பதால் எந்த வழியில் செய்தாலும் இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது என்பதையும் சி.டி. படத்தைக் காட்டியே விளக்க வேண்டியிருந்தது. ஒப்புதல் படிவத்தில் நுண்துளை, திறந்த வழி இரண்டும் எழுதப்பட்டன. எது, எந்த இடத்தில் என்பதை உள்ளே பார்த்தபின் முடிவு செய்வோம் என்பதும் தமிழில் எழுதிப் படித்துக் காட்டப்பட்டது.

நோயாளி கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயா, ஆனியில வயல்ல இறங்க முடியுமா?" நடக்கலாம், வரப்பில் போகலாம், குந்தி உட்கார்ந்து களை பறிப்பதும் சேற்றில் கால் புதைய நடவுக்கு நிற்பதும் அப்போது முடியாது என்று சொன்னோம். மூட்டை தூக்குவதைப் பற்றி ஒரு வருடம் பேச்சே வேண்டாம் என்றோம். அவர் எதுவும் சொல்லவில்லை. அவருடைய மனைவிதான் குறுவையை இந்த ஆண்டு விட்டுவிடலாமா, ஆள் வைத்து நடலாமா என்று அங்கேயே கணக்குப் பார்க்கத் தொடங்கினார்.

அறுவை

முதுகுத்தண்டு மயக்கம் கொடுக்கப்பட்டது. காலை நெடுநேரம் மரக்கச் செய்யும் நரம்புத் தடுப்பு ஊசி வேண்டாம் என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். தசையறை அழுத்தம் கூடினால் முதலில் எச்சரிப்பது வலிதான், அந்த வலியை மறைத்துவிடக் கூடாது.

முதலில் ஆர்த்ரோஸ்கோப். நீரேற்றும் பம்பு பயன்படுத்தாமல், நீர்ப்பையை உயரத்தில் தொங்கவிட்டு ஈர்ப்பு விசையில் மட்டும் நீர் இறங்கச் செய்தோம். கெண்டைக்காலைத் தொட்டுப் பார்க்க ஓர் உதவி மருத்துவர் நிறுத்தப்பட்டார். உறைந்த இரத்தத்தைக் கழுவியபின் முன்சிலுவைத் தசைநார் முழுமையாக இருப்பதும், அதன் அடி எலும்பு மேலே கவிழ்ந்து நிற்பதும், அதன் அடியில் உட்புற, வெளிப்புற மெனிஸ்கஸ்களை இணைக்கும் நார் சிக்கியிருப்பதும் தெரிந்தன. சிக்கிய நாரை ஒதுக்கிவிட்டதும் எலும்பு தானாகவே பாதி இறங்கியது. வெளிப்புறத் தளத்தில் அமிழ்வின் முன்விளிம்பு மட்டுமே தெரிந்தது. பின்மூலை எதிர்பார்த்தபடியே மறைந்திருந்தது. அந்த இடத்தில் நீரை நிறுத்தினோம்.

பிறகு முன்வெளிப் பக்கம் ஏறத்தாழ 9 செ.மீ. வெட்டு. கருத்துக்கிடந்த தோலை விலக்கி, வழக்கமான கோட்டிலிருந்து சற்று முன்னே அது போடப்பட்டது. மெனிஸ்கஸைப் பிளவிலிருந்து விடுவித்து நூலில் தூக்கிப் பிடித்தபின், வெளிப்புறத் துண்டைக் கதவைத் திறப்பதுபோல் விலக்கி, அமிழ்ந்த தளத்தைக் கீழிருக்கும் பஞ்செலும்போடு சேர்த்தே ஒரே கட்டியாக உயர்த்தினோம். உயர்த்தியதும் அடியில் தோன்றிய பள்ளத்தை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பால் நிரப்பினோம். வெளிப்புறத் துண்டை மூடி, பெரிய கவ்வியால் நெருக்கி, பூட்டுத் திருகுகள் கொண்ட 3.5 மி.மீ. தகடு பொருத்தப்பட்டது; அதன் மேல் வரிசைத் திருகுகள் தளத்தின் அடியில் தெப்பம்போலப் பரவி அதைத் தாங்கின. உயர்த்திய தளத்தின் பின்மூலையை நேரே கண்ணால் பார்க்க முடிந்தது. படி ஒரு மி.மீ.க்கும் குறைவு.

தளத்தை முடித்தபின்தான் முகடு. முகட்டை முதலில் கட்டியிருந்தால் தளத்தை உயர்த்தும்போது அது அசைந்திருக்கும். தசைநாரின் அடியில் வலுவான நூல்களைக் கோத்து, டிபியாவின் முன்புறத்திலிருந்து முகட்டின் இரு ஓரங்களுக்கும் இரண்டு மெல்லிய துளைகள் இட்டு, அவற்றின் வழியாக நூலை இறக்கி, முழங்காலை 20 முதல் 30 பாகை மடக்கிய நிலையில் முடிச்சிட்டோம். மேல் வரிசைத் திருகுகளுக்கு இடையே துளைக்கருவியைச் செலுத்துவதே இந்த அறுவையின் மிகக் கடினமான பகுதி. சி-ஆர்மை இரு கோணங்களில் வைத்துப் பார்த்தும் ஒரு திருகை எடுத்து வேறு திசையில் வைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் மெனிஸ்கஸ் மூட்டுறையோடும் தகட்டின் துளைகளோடும் தைக்கப்பட்டது.

எல்லாம் முடிந்தபின் காலை நீட்டி உள்நோக்கி வளைத்துப் பார்த்ததில் மூட்டு உறுதியாக நின்றது. 30 பாகையில் மட்டும் சிறு தளர்வு, முடிவில் பிடிப்பு இருந்தது. தொடை முனையில் கிழிந்த உட்பக்கத் தசைநார் பெரும்பாலும் தானே ஆறும் என்பதால் அதைத் தைக்கவில்லை. கீல் வைத்த பிரேஸ் போடப்பட்டது.

பின்தொடர்ந்த மாதங்கள்

முதல் இரண்டு நாட்கள் கெண்டைக்கால் மென்மையாகவே இருந்தது. ஆறாம் நாள் வெட்டின் கீழ்முனையில், பழைய இரத்தக் கொப்புளத்தை ஒட்டி, நீர் கசிந்தது; தினசரி கட்டும் சர்க்கரைக் கட்டுப்பாடும் போதுமாயின. தையல் வழக்கத்தைவிடத் தாமதமாகவே பிரிக்கப்பட்டது.

சிக்கல் வீட்டுக்குப் போனபின் வந்தது. மூட்டை மடக்கும் பயிற்சி அறுவையின் மறுநாளே தொடங்கியிருந்தது. வீடு திரும்பும்போது 50 பாகை மடக்கினார். ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி வர முடியாததால் இயன்முறை சிகிச்சைக்கு அவர் வரவில்லை. வலிக்கு அஞ்சி, பிரேஸைக் கழற்றாமலே கட்டிலில் கிடந்திருக்கிறார். ஐந்தாம் வாரத்தில் பார்த்தபோது மடக்கம் 60 பாகை. சிலுவை முகட்டை நிலைநிறுத்திய மூட்டுகள் இறுகிப்போவது நன்கறிந்த தொல்லை. எலும்பு அருமையாகச் சேர்ந்திருந்தும் மூட்டு மடங்காவிட்டால் பயனில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையைக் கொண்டுபோகிறது. அவருடைய ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி, இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வர ஏற்பாடானது. மடக்கத்தின் அளவு, ஊன்றக் கூடாத காலம், 90 பாகைக்கு மேல் எப்போது போகலாம் என்பவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். இயன்முறை மருத்துவர் வராத நாட்களில் நோயாளியின் மனைவி அந்தப் பயிற்சிகளைச் செய்யவைத்தார். எட்டாம் வாரத்தில் 85 பாகை. மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கிவிடும் யோசனை அப்போது எழுந்து, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று தள்ளிவைக்கப்பட்டது. பதினான்காம் வாரத்தில் 110 வந்ததும் அது தேவையற்றுப்போனது.

எட்டாம் வாரத்திலிருந்து பாதி எடையும், எக்ஸ்-ரேயில் எலும்பு கூடியதைக் கண்டபின் பன்னிரண்டாம் வாரத்திலிருந்து முழு எடையும் ஊன்ற அனுமதிக்கப்பட்டார். குறுவையில் வயலில் இறங்கவில்லை. ஆள் வைத்து நட்டார்கள், அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டார். சம்பா நாற்றுவிடும் காலத்தில் சேற்றில் இறங்கினார்.

ஓராண்டு முடிவில் மடக்கம் 125 பாகை, நீட்டம் முழுமை. முன்சிலுவைத் தசைநாரைச் சோதித்ததில் மற்றக் காலைவிடச் சிறு அசைவு, முடிவில் உறுதி. தளம் உயர்த்திய மட்டத்திலேயே நின்றது. பின்மூலையில் 1 மி.மீ. இறக்கம். சம்மணமிட்டுச் சாப்பிட உட்கார்கிறார், குதிகால் தரையில் பட முழுதும் குந்த முடியவில்லை. மாடிப்படி இறங்கும்போது வலி இருக்கிறது. மூட்டை தூக்கும் வேலைக்கு அவர் திரும்பவில்லை. திரும்பவும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறோம். தளம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் இடிபட்ட குருத்தெலும்பு பிற்காலத்தில் தேயக்கூடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை வரச் சொல்லியிருக்கிறது.

இனி மாற்றிச் செய்பவை

இந்தக் காயச் சேர்க்கையில் ஆர்த்ரோஸ்கோப்பை முதலில் விட்டுப் பார்த்துப் பிறகு திறப்பது என்ற வரிசை இனி எல்லோருக்கும் தேவையில்லை என்று கருதுகிறோம். தளத்தைப் பொறுத்தவரை அது புதிதாக எதையும் சொல்லவில்லை, சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் சொன்னதையே சொன்னது. முகட்டுக்கு மட்டும்தான் அது இன்றியமையாததாக இருந்தது. ஆகவே பின்மூலை அமிழ்வு படத்தில் தெளிவாக இருக்கும் காலில், முதலில் திறந்து தளத்தை முடித்துவிட்டு, மூட்டுறை திறந்திருக்கும்போதே குறைந்த நீரோடு, முடிந்தால் நீரே இன்றி, ஆர்த்ரோஸ்கோப்பை முகட்டுக்கு மட்டும் பயன்படுத்தலாம். நீர் தசையறைக்குள் போகும் அபாயம் அதனால் இன்னும் குறையும். முகட்டுக்கான துளைகளின் பாதையைத் தகட்டின் மேல்வரிசைத் திருகுகளைப் போடும் முன்பே கம்பியால் குறித்து வைத்தால், திருகை எடுத்து மாற்றும் வேலையும் தேவைப்படாது.

வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே சுகாதார நிலையத்துக்குச் சொல்லி, முதல் வாரத்திலேயே இயன்முறை மருத்துவர் போவதை உறுதிசெய்வது இப்போது எங்கள் பிரிவில் வழக்கமாகியிருக்கிறது. நோயாளி எந்த ஊர், எத்தனை பஸ், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பவை அறுவைக்கு முந்தைய குறிப்பிலேயே எழுதப்படுகின்றன.

கட்டு வைத்தியரைப் பற்றி ஒரு சொல். முதல் நாள் அவர் கட்டிய இறுக்கத்தால் இந்தக் கால் ஆபத்துக்கு அருகே போனது. மறுநாள் அவரே அனுப்பியதால்தான் பிழைத்தது. அவரைத் தேடிப் போய்ப் பேசினோம். முழங்கால் மூட்டு வீங்கியிருந்தால் கட்டுப் போடாமல், மரப்பலகையில் தளரக் கட்டி உடனே அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். அதன்பின் இரண்டு பேரை அப்படியே அனுப்பியிருக்கிறார். இருவர் காலிலும் கொப்புளம் இல்லை. அவர்களில் ஒருவருக்கு நடுத்தளத்தில் மட்டும் அமிழ்வு இருந்ததால், நுண்துளை வழியிலேயே முடிந்தது.